பாட்டி புளி போட்டுத் துலக்கிய ஐந்து தோட்டாக்கள்: திரீ-நாட்-திரீ தெரிந்தவர்கள் வரவும்

ஈசூன்பேரன்

எல்லோருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவன் நான். முதன்முறையாக எழுதுகிறேன்.

என் பாட்டி போன மாதம் காலமானார். சிங்கப்பூர் ஈசூனில் அவர் இருந்த வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டை ஒழித்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நேற்று பூசை அலமாரியின் அடித்தட்டில், குத்துவிளக்குகளுக்குப் பின்னால், ஓர் இரும்புத் தகட்டில் வரிசையாகச் செருகிய ஐந்து தோட்டாக்களைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட மறுபடியும் பார்த்தேன் என்பதுதான் சரி. சிறுவயதில் வெள்ளிக்கிழமைதோறும் பாட்டி விளக்கு, தாம்பாளம், மணி எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கும்போது இவற்றையும் சேர்த்துத் துலக்குவார். நான் அவை ஏதோ அடுக்குவிளக்கின் உதிரிப் பாகம் என்றே நினைத்திருந்தேன்.

தாத்தா அலெக்சாந்திராவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவப் பண்டகசாலையில் கணக்கெழுதியவர். 1971இல் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டும்வரை அங்கேதான் இருந்தார். வேலைக்குச் சேர்ந்தது போர் முடிந்த பிறகு. இவை எப்படி வீட்டுக்கு வந்தன என்று கேட்க இப்போது ஆளில்லை.

தோட்டாவின் அடிப்பக்கத்தில் கே, எஃப் என்று இரண்டு எழுத்துகள், 41 என்ற எண், ரோமன் ஏழு, ஓர் அம்புக்குறி. நடுவிலுள்ள சிறு வட்டத்தில் ஊசி குத்திய தழும்பு இல்லை. அந்த வட்டத்தைச் சுற்றி, புளி எட்டாத இடுக்கில் மட்டும், நாவல்பழ நிறத்தில் ஏதோ சாயம் ஒட்டியிருக்கிறது.

இரண்டு கேள்விகள். இது என்ன, பிரிட்டிஷ் ராணுவ ரைபிளின் திரீ-நாட்-திரீ (.303 அங்குலத்) தோட்டாவா? பெர்த்தில் இருக்கும் என் சித்தப்பா அங்கே உரிமத்தோடு ஒரு பழைய லீ-என்ஃபீல்டு, அதாவது பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிள், வைத்திருக்கிறார். அதற்குத் தோட்டா கிடைப்பதில்லை என்று எப்போதும் புலம்புவார். அடுத்த மாதம் போகும்போது இதைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

முன்னாள்சார்ஜண்ட்

தம்பி, அதைக் கையில் வைத்துக்கொண்டா தட்டச்சு செய்கிறாய்? இருந்த இடத்திலேயே வை. அலமாரியைச் சாத்து. போலீஸ் எண் 999ஐக் கூப்பிடு. பக்கத்துக் காவல் சாவடிக்கு நாமே எடுத்துப் போய்க் கொடுத்துவிடலாம் என்று நல்ல பிள்ளையாக அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடாதே.

ஊசித் தழும்பு இல்லை என்றால் சுடாத தோட்டா. அதற்குள் மருந்து இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தில் துப்பாக்கிக்குச் சொன்னதுதான் தோட்டாவுக்கும். அனுமதியில்லாமல் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. பாட்டி இறந்தபின் கண்டெடுத்து உடனே தகவல் சொன்னவனும், விஷயம் தெரிந்தும் பெட்டியில் வைத்து விமான நிலையத்துக்குப் போனவனும் ஒன்றல்ல. நீ இன்னும் முதல் வகையில்தான் இருக்கிறாய். இந்த இழையில் மறுமொழி பெருகப் பெருக இரண்டாம் வகையை நோக்கி நகர்கிறாய்.

நீ தேசிய சேவை செய்தவன்தானே? சுடுதளத்தை விட்டு வெளியே வருமுன் வரிசையில் நின்று, பைகளைத் திறந்து காட்டி, என்னிடம் தோட்டாவோ வெற்றுக்கூடோ எதுவும் இல்லை என்று கத்திச் சொன்னது மறந்துவிட்டதா? ஒரு வெற்றுக்கூடு குறைந்ததற்காக ஒரு முழு கம்பெனி புல்லில் மண்டியிட்டு இருட்டும்வரை தேடியதை நான் நின்று பார்த்திருக்கிறேன். இருபத்தாறு ஆண்டு ஆயுதக் கிடங்கில் இருந்தவன் சொல்கிறேன். சித்தப்பாவுக்குப் பிஸ்கட் வாங்கிப் போ.

கடைசிபெஞ்சு

ஏன் இவ்வளவு பதற்றம்? எண்பது வருடத் தோட்டா. மருந்து எல்லாம் மண்ணாகியிருக்கும். குறடால் முனையைப் பிடித்துத் திருகினால் குண்டு கழன்று வரும், மருந்தைக் கொட்டிவிட்டால் வெறும் பித்தளை. தாத்தாவின் ஞாபகமாகச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். நம் ஆட்களின் வேலூர்க் கலகமே தோட்டாவால் வந்ததுதானே, அந்த மரியாதைக்காவது வைத்துக்கொள்ளலாம்.

முன்னாள்சார்ஜண்ட்

மேலே சொன்னதை யாரும் செய்யாதீர்கள். மருந்து வீணாகியிருக்கலாம், அடியிலிருக்கும் பிரைமர் வீணாகியிருக்கும் என்று யார் சொன்னது? அதற்குள் இருப்பது அடிபட்டால் வெடிப்பதற்கென்றே செய்த கலவை. மருந்தைக் கொட்டியபின் பிரைமரை என்ன செய்வாய், வாயில் போட்டு மெல்லுவாயா? மேலும், கொட்டிய கையோடு நீ ஒரு வெடிபொருளை அனுமதியின்றிப் பிரித்தவனும் ஆகிறாய்.

2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் கட்டுமானத் தளத்தில் 100 கிலோ விமானக் குண்டு ஒன்று கிடைத்ததே, அதுவும் எண்பது வருடத்துச் சரக்குதான். 4,000க்கும் மேற்பட்டவர்களை வீட்டிலிருந்து வெளியேற்றிவிட்டுத்தான் அதை வெடிக்கவைத்தார்கள். மண்ணாகியிருக்கும் என்று யாரும் குறடை எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஏட்டுச்சுரைக்காய்

சார்ஜண்ட் ஐயா சொன்னதற்குப் பிறகு சட்டத்தில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. வரலாற்றில் மட்டும் ஒரு திருத்தம். வேலூரில் 1806 ஜூலை 10 அன்று நடந்ததற்குக் காரணம் தோட்டா அல்ல, தலைப்பாகை. புதிய மாதிரித் தலைப்பாகையில் தோலால் ஆன குஞ்சம், நெற்றியில் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற ஆணைகள். கொழுப்புத் தடவிய தோட்டாவின் கதை அதற்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1857இல், வடக்கே நடந்தது.

அந்தத் தோட்டா காகிதத்தால் ஆனது. ஒரு பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தும் குண்டும் அதற்குள். பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, மிச்சத்தைக் கோலால் இடிக்க வேண்டும். அப்போது புதிதாக வந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் (பிற்கால லீ-என்ஃபீல்டு அல்ல) குழலுக்குள் சுருள் வரிப்பள்ளம் உண்டு, குண்டு இறுக்கமாக இறங்கும், அதற்காகத்தான் கொழுப்பு. பசுவா பன்றியா என்ற பேச்சு கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் படைமுகாமில் 1857 ஜனவரியில் கிளம்பியது. ஏப்ரலில் மீரட்டில் 85 குதிரை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். துப்பாக்கியை யாரும் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல துப்பாக்கி. வாயில் வைக்க வேண்டிய பொட்டலம்தான் பிரச்சினை.

இனி பேரனின் ஐந்து தோட்டாக்கள். கே, எஃப் என்றால் கிர்க்கீ தொழிற்சாலை, புனே பக்கத்துக் கட்கி. 41 என்பது 1941. ரோமன் ஏழு என்பது ஏழாம் மார்க், 1910இல் வந்த கூர்முனைத் தோட்டா. அம்பு பிரிட்டிஷ் அரசின் சொத்து முத்திரை. நாவல்பழ நிற வளையம் சாதாரணக் குண்டுக்கு அடையாளம். சிவப்பென்றால் பாதை காட்டும் ஒளிக்குண்டு, பச்சையென்றால் கவசம் துளைப்பது, நீலமென்றால் தீமூட்டி. ஜப்பானிய ராணுவத் தோட்டாவாக இருந்தால் அடியில் எழுத்தே இருக்காது, கழுத்தில் வண்ணக் கோடு மட்டும் இருக்கும். ஆக உங்களுடையது ஐயத்துக்கு இடமில்லாத திரீ-நாட்-திரீ. தோட்டாக்களைப் பிடித்திருக்கும் தகட்டுக்குச் சார்ஜர் என்று பெயர். ஒரு தகட்டுக்கு ஐந்து. லீ-என்ஃபீல்டின் தோட்டாப் பெட்டிக்குப் பத்து, அதாவது இரண்டு தகடு.

எனக்குப் பிடித்த பகுதி இனித்தான். அந்தப் பித்தளைக்குள் இருப்பது தூள் மருந்து அல்ல. கார்டைட் என்னும் இழை மருந்து, பார்வைக்குச் சேமியாக் கட்டுப்போல இருக்கும். நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் வாசலின் சேர்த்துப் பிசைந்து அச்சில் பிழிவார்கள்; நம் வீட்டு இடியாப்ப உரல் மாதிரிதான். அதைப் பிழிய ஆங்கிலேயர்கள் இந்தியாவில் 1903இல் தேர்ந்தெடுத்த இடம் எது தெரியுமா? நீலகிரியில் அருவங்காடு. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலைரயிலில் போனவர்கள் அந்த நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். எனவே கட்கியில் செய்த கூட்டுக்குள் நீலகிரிக் குளிரில் பிழிந்த மருந்து இருக்கப் பெரும் வாய்ப்பு உண்டு. உங்கள் பாட்டி ஈசூனில் வெள்ளிக்கிழமைதோறும் துலக்கியது ஒருவேளை நம் மலையிலிருந்து வந்த சரக்காக இருக்கலாம்.

கடைசிபெஞ்சு

வேலூரை ஒப்புக்கொள்கிறேன். பள்ளியில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தால் 1806ம் 1857ம் ஒரே மாதிரித்தான் கேட்கும். சாவிக்கொத்தையும் விட்டுவிடுகிறேன்.

பித்தளைப்பாண்டி

கப்பல் பட்டறையில் உலோகச் சோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டு இருந்தவன். துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது, பித்தளை பற்றிப் பேசவிடுங்கள்.

புளி பித்தளையைக் கெடுக்காது. அதிலுள்ள அமிலம் மேலே படிந்த களிம்பை மட்டும் கரைக்கிறது. தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கும், அவ்வளவுதான். ஆனால் தோட்டாப் பித்தளைக்கு ஒரு பரம வைரி உண்டு: அமோனியா. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் பிரிட்டிஷ் படைக்கு ஒரு புதிர். மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் தோட்டாக்களை வைத்திருந்தார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் யாரும் தொடாமலே கூடுகளில் கீறல் விழுந்திருக்கிறது. பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையான காரணம் 1921இல்தான் தெளிவானது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா, ஈரக்காற்று, கூட்டை இழுத்து வடிவமைக்கும்போது உலோகத்துக்குள் தங்கிப்போன இழுவிசை, மூன்றும் சேர்ந்தால் பித்தளை தன் மணிகளுக்கிடையே, அதாவது உலோகத்தின் நுண்படிகங்களுக்கிடையே, பிளக்கிறது. வடிவமைத்த பிறகு அளவாகச் சூடாக்கி ஆறவிட்டால் அந்த உள்விசை தணிந்துவிடும். பழைய ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறமாற்றம் தெரியுமே, அது அப்படிச் சூடுகாட்டிய தடம். அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு.

வீட்டில் தரை துடைக்கும் சில திரவங்களிலும் சில பித்தளைப் பாலிஷ்களிலும் அமோனியா இருக்கிறது. பாட்டி கடைப் பாலிஷை நம்பாமல் புளியை நம்பியது எவ்வளவு நல்லது பாருங்கள்.

ஈசூன்பேரன்

சார்ஜண்ட் ஐயாவின் முதல் மறுமொழியைப் படித்த பத்தாவது நிமிடம் 999ஐ அழைத்துவிட்டேன். முதலில் இருவர் வந்தார்கள், பார்த்தார்கள், தொடவில்லை. என்னையும் அம்மாவையும் வீட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். பிறகு வேறு சிலர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். யார் வீடு, எப்போது பார்த்தாய், எத்தனை, வேறு எங்காவது இருக்கிறதா என்று கேட்டு வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். அக்கம்பக்கத்தார்தான், பாட்டி இறந்த வீட்டுக்கு எதற்குப் போலீஸ் என்று தாழ்வாரம் முழுக்க நின்று பார்த்தார்கள். அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

தகட்டையாவது திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். அந்த இளைஞர் பதில் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை.

சித்தப்பாவின் கேள்வி மட்டும் பாக்கி. அவர் ரைபிள் லித்கோவில் செய்தது, 1918 என்று அடித்திருக்கிறதாம். அதற்கு என்ன தோட்டா வாங்குவது?

அடிலெய்டுவாசி

தோ பாயோவில் பிறந்தவன், அடிலெய்டுக்கு வந்து பதினெட்டு ஆண்டு ஆகிறது. இங்கே ஒரு கழகத்தில் பழைய ராணுவ ரைபிள் சுடுகிறேன். இனி நான் எழுதுவது எல்லாம் உரிமம் உள்ள சித்தப்பாவுக்கு மட்டும், சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அல்ல.

தோட்டா கிடைப்பதில்லை என்று சித்தப்பா சொல்வதற்குப் பொருள், மலிவான பழைய ராணுவ உபரி கிடைப்பதில்லை என்பதாகத்தான் இருக்கும். அது தீர்ந்தது நல்லதுக்கே. புதிய தோட்டா இன்னும் வருகிறது. செர்பியாவின் பிரிவி பார்ட்டிசான், செக் நாட்டின் செல்லியர் அண்டு பெல்லோ இரண்டும் திரீ-நாட்-திரீ செய்கின்றன. விலையைக் கேட்டு நெஞ்சில் கை வைக்காமல் வாங்கச் சொல்லுங்கள்.

ஏன் உபரி வேண்டாம் என்கிறேன்? பழைய பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது உப்பாக மாறிக் குழலின் உட்சுவரில் படிகிறது. நம் சாப்பாட்டு உப்புக்கு உடன்பிறந்தது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஓரிரு நாளில் துரு. எண்ணெய் போட்டுத் துடைத்தேனே என்பார்கள். உப்பு எண்ணெயில் கரையுமா? தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் அந்தக் காலச் சிப்பாய்கள் ஒரு புனலை வைத்துக் கொதிநீரைக் குழல் வழியாக ஊற்றினார்கள். சூட்டில் குழல் தானே உலர்ந்துவிடும், பிறகு எண்ணெய். அடிலெய்டின் வறண்ட காற்றிலேயே ஒருமுறை நான் சோம்பல்பட்டு மறுநாள் கழுவலாம் என்று விட்டேன். குழலுக்குள் செம்மண் பூத்திருந்தது. இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது.

இன்னொன்று, தாமதித்து வெடிப்பது. விசையை இழுத்தால் டிக் என்று சத்தம் மட்டும் வரும். வீண் என்று நினைத்து போல்ட்டை, அதாவது தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் தண்டை, திறக்கக் கை போகும். அப்போது வெடித்தால் கூடு முகத்துக்கு நேரே கிழியும். சத்தம் வராவிட்டால் குழலைக் குறியிலேயே வைத்து அரை நிமிடமாவது சும்மா இருக்க வேண்டும். என் பக்கத்துத் தடத்தில் ஒரு பெரியவருடைய பழைய தோட்டா டிக் என்றது, நான் திரும்பிப் பார்த்தேன், அதன்பிறகு வெடித்தது. அவர் அசையாமல் இருந்ததால் இருவரும் சிரித்தோம்.

தோட்டா வாங்குவதற்கு முன் ரைபிளை ஆயுதச் சீர்ப்பாளர் ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள். லீ-என்ஃபீல்டின் பூட்டுக் கட்டைகள் போல்ட்டின் பின்பக்கம் இருக்கின்றன. தோட்டாவை அறைக்குள் இடத்தில் நிறுத்துவது அதன் அடிவிளிம்புதான். தேய்ந்த ரைபிளில் தோட்டாவின் அடிக்கும் போல்ட்டுக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். சுடும்போது பித்தளை பின்னோக்கி நீளும். அதே கூட்டை மறுபடி மறுபடி நிரப்பிச் சுட்டால் அடிப்பகுதிக்குச் சற்று மேலே வளையமாக மெலிந்து ஒருநாள் இரண்டாகப் பிரியும். பாதி வெளியே, பாதி உள்ளே.

ஈசூன்பேரன்

கூட்டை மறுபடி நிரப்புவதா? சித்தப்பா அதைத்தான் செய்யப் போவதாகச் சொல்கிறார். பழைய தோட்டாவின் கூட்டை வைத்துக்கொள்ளலாம் என்று.

அடிலெய்டுவாசி

பழைய ராணுவக் கூட்டை வேண்டாம் என்று சொல்லுங்கள். அவற்றில் பலவும் பெர்டான் வகை. பிரைமர் குழிக்குள் சிறு முளை இருக்கும், பக்கத்தில் இரண்டு நுண்துளைகள். வீட்டுக் கருவியின் ஊசி நடுவில்தான் குத்தும், குத்தினால் முளையில் முட்டி உடையும். பாக்ஸர் வகையில் நடுவில் ஒரே துளை, எளிது. வேடிக்கை என்னவென்றால் பெர்டான் அமெரிக்கர், அவர் முறையை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. பாக்ஸர் ஆங்கிலேயர், உல்விச் ஆயுதச்சாலைக்காரர், அவர் முறையை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. இருவரும் பெண்ணைப் பக்கத்து ஊரில் கொடுத்த மாதிரி. போதாக்குறைக்குப் பழைய பிரைமர்கள் சிலவற்றில் பாதரசக் கலவை இருந்தது. அது ஒருமுறை வெடித்தாலே பித்தளை உடைசலாகிவிடும், பாண்டி ஐயாவுக்குத் தெரிந்திருக்கும்.

அளவு, எடை எதையும் இங்கே எழுத மாட்டேன். கழகத்தில் யாராவது மூத்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டிய வேலை அது. ஒன்றை மட்டும் உரக்கச் சொல்கிறேன்: சித்தப்பா நாளைக்கு ஆசைப்பட்டு ஒரு ஸ்னைடரோ மார்ட்டினி-ஹென்றியோ வாங்கினால், அவை கரிமருந்துத் துப்பாக்கிகள். அவற்றில் இக்காலப் புகையில்லா மருந்தைப் போடக் கூடாது. குழல் பிளந்துவிடும்.

பித்தளைப்பாண்டி

பாதரசம் பற்றிச் சொன்னது சரி. பித்தளை மணிகளின் இடையில் புகுந்துவிடும். வெளியே பார்த்தால் புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

நளினி_பூன்லே

இந்த இழையை இரவு இரண்டு மணிவரை படித்தேன். என் பாட்டியின் அக்கா நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்தவர். ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்து 1943இல் வாட்டர்லூ தெரு முகாமில் சேர்ந்தார். அப்போது வயது பதினாறு. எனக்கு நினைவு தெரியும்போது அவருக்கு எழுபது. போரைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் கட்டைவிரலைக் காட்டுவார். நகம் நடுவில் பிளந்து மறுபடி வளர்ந்த மாதிரி ஒரு கோடு. தகட்டிலிருந்து ஐந்து தோட்டாவையும் ஒரே அழுத்தில் கீழே தள்ள வேண்டுமாம். பால்மரம் சீவிய கை, பால் வாளி தூக்கிய கை, அதற்கே வலித்ததாம். ரைபிள் நாலு கிலோ. அது கனக்கவில்லை, தோட்டா இறங்காதபோது பின்னாலிருந்து வந்த அதட்டல்தான் கனத்தது என்பார்.

தோட்டாக்கள் குறைவாகவே கொடுப்பார்களாம். பாதி நாள் வெறும் ரைபிளை வைத்துக்கொண்டு ஏற்றுவது போல, சுடுவது போல பாவனை.

அடிலெய்டு அண்ணனுக்கு ஒரு கேள்வி. ஒரு தோட்டா இன்னொன்றின் மேல் ஏறிச் சிக்கிக்கொள்ளும் என்று பாட்டியின் அக்கா சொன்னது உண்மையா, அல்லது அவரது சமாளிப்பா?

அடிலெய்டுவாசி

அக்கா, அவர் சொன்னது சத்தியம். திரீ-நாட்-திரீயின் அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். பின்னால் மாட்டிக்கொண்டால் போல்ட் தள்ளும்போது கீழே இருப்பதையும் இழுத்துக்கொண்டு நகர்ந்து இறுகிவிடும். உதிரியாகப் போடுபவர்கள் ஒவ்வொன்றையும் சற்று முன்னே தள்ளி வைக்க வேண்டும். பழகிய பிரிட்டிஷ் சிப்பாய்க்கு நிமிடத்துக்குக் குறைந்தது 15 குறிபார்த்த வேட்டு, 300 கஜத்தில். அந்த வேகத்தின் பாதி ரகசியம் தோட்டாக்களை முன்கூட்டியே ஒழுங்காக அடுக்கிய தகட்டில்தான் இருக்கிறது.

ஒருமுறை இங்கே ஒருவர் ஜப்பானிய அரிசாக்கா ரைபிள் கொண்டுவந்தார். 7.7 மில்லிமீட்டர் என்று காகிதத்தில் பார்த்துவிட்டு, திரீ-நாட்-திரீயும் 7.7தானே என்றார். இரண்டும் வேறு. ஜப்பானியத் தரைப்படையின் 99ஆம் வகை ரைபிளுக்கு 58 மில்லிமீட்டர் நீளக் கூடு, நீட்டிய விளிம்பு இல்லை. நம்முடையது 56, விளிம்பு உண்டு. ஆனால் ஜப்பானியக் கடற்படையின் 92ஆம் வகை இயந்திரத் துப்பாக்கி பிரிட்டிஷ் லூயிஸ் துப்பாக்கியின் நகல், அது திரீ-நாட்-திரீயைத்தான் தின்னும். ஒரே நாட்டில் கடற்படை ஒரு தோட்டா, தரைப்படை ஒரு தோட்டா. பள்ளி மாணவர்களின் அணிவகுப்புக்கென்று வார்ப்பிரும்பில் செய்த பயிற்சி ரைபிள்களும் உண்டு. பார்க்க அசல். வெற்றுவேட்டுக்கு மட்டும் செய்தது. அதில் உண்மைத் தோட்டாவைப் போட்டால் பூட்டு உங்கள் கன்னத்தில் இருக்கும்.

இந்தியாவிலும் இந்தக் குழப்பம் உண்டு. இஷாப்பூரில் லீ-என்ஃபீல்டுகளைப் போலீசாருக்காக .410 அங்குல மஸ்கட்டாக மாற்றினார்கள். வெளியே அதே உடம்பு, உள்ளே வரிப்பள்ளமே இல்லாத குழல். 1960களில் அதே உருவத்தில் 7.62 தோட்டாவுக்கென்று புது ரைபிளும் செய்தார்கள். சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: ரைபிளின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல், தோட்டா அறையை அளந்து பார்த்தபின் வாங்கச் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்

ஒரு துணைக்கதை, இழையை விட்டு விலகினால் மன்னிக்கவும். சிங்கப்பூரின் பெரும் பீரங்கிகள் கடலை நோக்கி நின்றன, நிலத்தின் பக்கம் திரும்பாததால் ஊர் விழுந்தது என்று தாத்தாக்கள் சொல்வார்கள். சாங்கியில் இருந்த 15 அங்குலப் பீரங்கிகள் திரும்பின, ஜொகூர் பக்கம் சுடவும் செய்தன. அவற்றிடம் இருந்தவை கப்பல் கவசத்தைத் துளைக்கும் குண்டுகள். தரையில் ஆழமாகப் புதைந்து வெடித்தால் சிதறியோடும் காலாட்படைக்கு என்ன ஆகும்? பீரங்கியைத் திருப்ப முடிந்தவர்களால் குண்டை மாற்ற முடியவில்லை.

பேரனின் தாத்தா வேலை பார்த்த அலெக்சாந்திராவும் லேசான இடமில்லை. 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், பிரிட்டிஷ் இந்தியப் படையின் 5ஆம் லைட் இன்ஃபன்ட்ரியின் சிப்பாய்கள் அங்கேதான் கலகம் செய்தார்கள். மறுநாள் ஹாங்காங்குக்குக் கப்பல் ஏற வேண்டியவர்கள். முதல் வேட்டு கிளம்பியது தோட்டாப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது. பின்னால் ஊட்ரம் சிறைச் சுவரை ஒட்டி 47 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. 1942 பிப்ரவரி 14 அன்று, அங்கிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள புக்கிட் சண்டுவில் மலாய்ப் படையினர் தோட்டா தீர்ந்து கைகலப்பில் மடிந்தார்கள். அந்த வட்டாரத்தில் 1941ஆம் ஆண்டுத் தோட்டா மண்ணிலோ கிடங்கு மூலையிலோ கிடந்திருந்தால் வியப்பில்லை. கணக்கெழுதுபவரின் கைக்கு அது எப்படி வந்தது என்பதை நான் ஊகிக்க மாட்டேன்.

முன்னாள்சார்ஜண்ட்

நான் ஊகிக்கிறேன். கிடங்கில் எண்ணிக்கை குறைந்தால்தான் ஆளைத் தொங்கவிடுவார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எண்ணிக்கை கூடினாலும் அதே தலைவலி. எங்கிருந்து வந்தது என்று ஆறு படிவம், நான்கு விசாரணை. வெள்ளைக்காரன் காலத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும். கணக்கில் வராத ஐந்து தோட்டாவை எங்காவது வாய்க்காலில் கண்டெடுத்த கணக்கப்பிள்ளை அதைக் கணக்கில் ஏற்றுவதைவிட வீட்டுக்குக் கொண்டுபோவது எளிது என்று நினைத்திருப்பார். தவறுதான். ஆனால் எனக்கு அந்த மனிதரைப் புரிகிறது.

நளினி_பூன்லே

பாட்டி ஏன் துலக்கினார் என்பதுதான் எனக்குத் தூக்கம் வராத கேள்வி. தாத்தா ஒளித்துவைத்ததை அவர் விளக்கோடு சேர்த்துவிட்டார்.

ஈசூன்பேரன்

நளினி அக்கா, அதை இன்று அம்மாவிடம் கேட்டேன். பாட்டிக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியுமாம். பித்தளைச் சாமானைக் கறுக்கவிட்டால் வீட்டுக்கு ஆகாது, அதனால் துலக்கினாராம். அவ்வளவுதான் காரணம் என்கிறார் அம்மா.

சித்தப்பாவுக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். சீர்ப்பாளரிடம் காட்டப் போகிறாராம். விலையைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

இன்று வெள்ளி. அம்மா விளக்குகளை எடுத்துப் புளி கரைத்தார். அடித்தட்டில் தகடு இருந்த இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மரம் மட்டும் வெளிறிக் கிடந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பத்துல்ல இருந்துச்சு, நீ அஞ்சைத்தானே குடுத்தே?" என்றார். இரண்டு தகடாம். இன்னொன்று தாத்தாவின் தகரப் பெட்டியில், கட்டிலுக்கடியில், துணி சுற்றி வைத்திருந்ததாக நினைவாம். பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது, பூட்டியிருக்கிறது. சாவி என் கையில்.

முன்னாள்சார்ஜண்ட்

சாவியை மேசையில் வை. 999.